குளிர்காலம் முழுக்க வேனை வெளியில் விடும்போது பேட்டரிகளை என்ன செய்வது? (ஸ்டார்ட்டர் ஏஜிஎம், ஹவுஸ் லித்தியம்)

சட்பரிவேன் கேட்டது:

வணக்கம். ஒன்டாரியோவில் சட்பரி பக்கம் ஒரு திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை கேம்பர் வேனை விடப்போகிறேன். அங்கே கரண்ட் இல்லை. ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 வரை இறங்கும் ஊர். இப்போதைக்கு வண்டி வீட்டருகே கூரைக்குக் கீழே நிற்கிறது, பேனலில் வெயில் படாது.

வண்டி ஃபோர்டு டிரான்சிட். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஸ்டார்ட்டர் பேட்டரி, 80 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈயப் பேட்டரி). கட்டிலுக்குக் கீழே ஹவுஸ் பேட்டரி, அதாவது வண்டிக்குள் விளக்கு, பம்ப் போன்றவற்றுக்கானது: 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் இரண்டு, பேரலலாக இணைத்தவை. ஹீட்டர் இல்லாத மாடல். குளிரில் சார்ஜ் ஏறாமல் பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் சுற்று) தடுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. கூரையில் 200 வாட் பேனல், விக்ட்ரான் 75/15 சோலார் கன்ட்ரோலர், ஓடும்போது சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி, ஹவுஸ் பேட்டரியில் ஏறி இறங்கும் மின்னோட்டத்தைக் கணக்குப் பார்க்க ஸ்மார்ட்ஷன்ட். மாஸ்டர் ஸ்விட்ச் ஒன்று உண்டு.

மாஸ்டர் ஸ்விட்ச்சை ஆஃப் செய்து மூன்று வாரம் ஆகிறது. ஷன்ட் இன்னும் 100 சதவீதம், மின்னோட்டம் பூஜ்யம் என்றுதான் காட்டுகிறது. ஆனால் வோல்டேஜ் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது. எதை நம்புவது?

அடுத்தது, இரண்டையும் ஃபுல் சார்ஜ் செய்துவிட்டு மாஸ்டர் ஸ்விட்ச்சை மட்டும் அணைத்துவிட்டுப் போனால் போதுமா? சோலார் அதுபாட்டுக்கு மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிடலாமா? வாரம் ஒருமுறை போய் இன்ஜினை ஓட விட்டால் ஸ்டார்ட்டர் பேட்டரி தாங்குமா?

மின்கணக்கு:

முதலில் வோல்டேஜை நம்புங்கள். ஷன்ட்டின் செட்டிங்கில் 'கரண்ட் த்ரெஷோல்ட்' என்று ஒன்று உண்டு, அது வரும்போதே 0.10 ஆம்பியராக இருக்கும். அதற்குக் குறைவான மின்னோட்டத்தை ஷன்ட் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் கசிவு. கேஸ் மற்றும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் சுமார் 60 மில்லியாம்பியர் இழுக்கும், சோலார் கன்ட்ரோலர் இன்னொரு 25. சேர்த்தால் 85. ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-மணி, மூன்று வாரத்தில் 40க்கு மேல், ஐந்து மாதத்தில் 300. உங்களிடம் இருப்பதோ 200. ஷன்ட் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்க, பிப்ரவரி கடைசிக்குள் பேட்டரி காலியாகியிருக்கும்.

மாஸ்டர் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தும் இழுப்பது ஏன் என்றால், டிடெக்டரைப் பெரும்பாலும் ஸ்விட்ச்சுக்கு முன்னாலேயே, பேட்டரி பக்கமாக இணைத்திருப்பார்கள். ஆட்கள் தூங்கும்போது யாரும் தவறி அணைத்துவிடக் கூடாது என்பதற்காக. கன்ட்ரோலரும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் தொடராக வைத்துப் பாருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது இன்வெர்ட்டர், பம்ப் எதையும் போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். த்ரெஷோல்டை 0.03 அளவுக்கு இறக்கினால் ஷன்ட்டும் ஓரளவு உண்மையைச் சொல்லும்.

அதே செட்டிங்கில் இன்னொன்றையும் பாருங்கள். 'சார்ஜ்டு வோல்டேஜ்' 13.2 ஆக இருந்தால் அதை 14.0க்கு ஏற்றுங்கள். 13.2 என்பது லித்தியம் சும்மா இருக்கும்போதே காட்டும் வோல்டேஜ். லேசான வெயிலில் ஒன்றிரண்டு ஆம்பியர் ஏறினாலே, ஃபுல் ஆகிவிட்டது என்று ஷன்ட் முடிவுகட்டி 100க்குத் தாவிவிடும்.

இனி பெரிய கேள்வி. உங்கள் வண்டியில் இருக்கும் இரண்டு பேட்டரிக்கும் குளிர்காலத்தில் நேர் எதிரான கவனிப்பு வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஈயப் பேட்டரி, அதாவது ஏஜிஎம், எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். குறைவாகக் கிடந்தால் தட்டுகளில் படியும் லெட் சல்ஃபேட் நாளாக ஆகப் பெரிய படிகமாக இறுகி, பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. அதோடு சார்ஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துப்போய் உறையும் ஆபத்தும் வரும். குளிரில் சார்ஜ் ஏற்றுவதால் அதற்குக் கெடுதல் இல்லை, உறையாமல் இருந்தால் போதும்.

லித்தியம் அப்படியே தலைகீழ். ஐந்து மாதம் பாதிக்குமேல் ஏதோ ஓரளவில் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, உறைந்து வெடிக்கவும் செய்யாது. ஆனால் செல்லின் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏறினால், லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது முழுதாகத் திரும்பி வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், படிவு ஊசிபோல வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் வழி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆகவே 'இரண்டையும் ஃபுல் செய்து சோலாரை விட்டுவிடலாமா' என்பதற்குப் பதில்: ஸ்டார்ட்டரை ஃபுல் செய்யுங்கள், லித்தியத்தை 70 சதவீதத்தில் நிறுத்துங்கள், சோலாரைத் துண்டித்துவிடுங்கள்.

ஏன் 70? பல கையேடுகள் 50 என்று சொல்லும். தனியாகக் கிடக்கும் லித்தியம் மாதம் 2 முதல் 3 சதவீதம் தானாக இழக்கும், அது பெரிய விஷயமில்லை. ப்ளூடூத் உள்ள பிஎம்எஸ்தான் கவனிக்க வேண்டியது. அது வெறும் 10 மில்லியாம்பியர் எடுத்தாலும் 150 நாளில் 36 ஆம்பியர்-மணி. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு பிஎம்எஸ் இருக்கிறது, ஆக ஒவ்வொன்றும் தன்னுடைய 100இல் 36ஐ இழக்கும். 50இல் ஆரம்பித்தால் ஏப்ரலில் அடிமட்டம். 70இல் ஆரம்பித்தால் 20க்கு மேல் மிஞ்சும். 100இல் விட்டாலும் குளிரில் மூப்பு மெதுவாகத்தான் நடக்கும், 80இல் நின்றுவிட்டது என்று பதற வேண்டாம். காலியாவதுதான் உண்மையான ஆபத்து.

70க்கு இறக்க வோல்டேஜைப் பார்க்காதீர்கள். 40 சதவீதத்துக்கும் 80க்கும் நடுவில் லித்தியத்தின் வோல்டேஜ் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். முதலில் 14.2 முதல் 14.4 வோல்ட் வரை ஏற்றி, மின்னோட்டம் நன்றாகக் குறையும்வரை விட்டு, ஷன்ட்டை 100க்குக் கொண்டுவாருங்கள். பிறகு இன்வெர்ட்டரில் 700 வாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டினால் 60 ஆம்பியர்-மணி அளவுக்கு இறங்கும். 200இல் 60 போனால் 70 சதவீதம்.

ஒட்டாவா_தம்பி:

வணக்கம் அண்ணா. ஸ்டார்ட்டர் பற்றரி பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறன்.

முழுதாகச் சார்ச் ஆன ஈயப் பற்றரிக்குள் இருக்கும் அமிலம் உறைய மைனஸ் 50க்கும் கீழே போக வேணும். சட்பரியில் அந்தளவுக்குப் பயமில்லை. அதே பற்றரி முக்கால்வாசிக்கு இறங்கினால் மைனஸ் 35 அளவில் உறையும், பாதிக்கு இறங்கினால் மைனஸ் 24 அளவில், கால்வாசி என்றால் மைனஸ் 15, வெறுமையாகக் கிடந்தால் மைனஸ் 10க்கே உறைந்துவிடும். பற்றரிக்குப் பற்றரி ஒன்றிரண்டு பாகை கூடிக் குறையலாம். நீங்கள் மைனஸ் 30 என்று சொல்கிறியள், ஆகவே முக்கால்வாசிக்குக் கீழே போகவே விடக்கூடாது.

வண்டியை அப்படியே பூட்டிவிட்டுப் போனால் போகும், அதுதான் பிரச்சினை. நிற்கிற வானில் அலாரம், கொம்பியூட்டர், மோடம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி அம்பியர் எடுத்தாலும் 150 நாளைக்கு 108 அம்பியர்-மணி. உங்கள் பற்றரியே 80தான். கழற்றி வைத்தால் கணக்கு வேறு: ஏஜிஎம் அறை வெப்பத்தில் மாதம் 1 முதல் 3 வீதம்தான் தானாக இழக்கும், குளிரில் அதைவிடவும் குறைவு. நிறையச் சார்ச் செய்து நெகற்றிவைக் கழற்றிய ஏஜிஎம் ஐந்து மாதத்துக்குச் சார்ச்சர் இல்லாமலே கிடக்கும். கரண்ட் இல்லாத இடத்தில் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் உண்மையிலேயே நிறைந்திருக்க வேணும். ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் நிறைந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. இப்போதைய வண்டிகளில் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஒல்ரநேற்றர் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருவது) பற்றரியை முழுதாக ஏற்றாமலே விடும். ஏஜிஎம் நிலை உள்ள 5 முதல் 10 அம்பியர் சார்ச்சரை வீட்டில் வைத்து இரவு முழுக்கப் போடுங்கோ. 14.4 முதல் 14.7 வோல்ற்றில் நின்று, உள்ளே போகும் மின்னோட்டம் 1 அம்பியருக்குக் கீழே வந்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். சார்ச்சரைக் கழற்றி 12 மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ, 12.8 அல்லது அதற்கு மேல் நிற்க வேணும். அடுத்த நாளே 12.5க்கு வருகிறது என்றால் அந்தப் பற்றரி குளிர்காலம் தாங்காது, இப்போதே மாற்றுவது நல்லது.

சார்ச்சரின் கறுப்புக் கவ்வியைப் பற்றரியின் நெகற்றிவ் முனையில் நேரே மாட்டாதேங்கோ. அந்த முனையில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சர் இருக்கும். கவ்வியை வண்டியின் சேசிசில் மாட்டினால்தான் ஏறியதைச் சென்சர் எண்ணும். இல்லையென்றால் பற்றரி இன்னும் குறைவாகவே இருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொண்டிருக்கும்.

குளிருக்குள் வைத்தே சார்ச் செய்வதென்றால் வெப்பத்துக்கு ஏற்ப வோல்ற்றேச்சைக் கூட்டுகிற சார்ச்சர் வேணும். 25 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் 18 மில்லி வோல்ற் கூட்ட வேணும். மைனஸ் 10இல் 0.6 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் வரும். கூட்டாத சார்ச்சர் பச்சை விளக்கைக் காட்டிவிடும், பற்றரி நிறைந்திருக்காது. சில சார்ச்சரில் பனிப்பூ அடையாளம் இருப்பது இதுக்காகத்தான், அதில் 14.7 வோல்ற் வரும்.

வாரத்துக்கு ஒருமுறை இன்ஜினைப் போடுவதை விட்டுவிடுங்கோ. குளிர்ந்த பற்றரி சார்ச்சை மிக மெதுவாகத்தான் வாங்கும். பத்து நிமிசம் சும்மா ஓட விட்டால் ஊதி, கண்ணாடி ஹீற்றர், விளக்கு எல்லாம் எடுத்ததுபோக பற்றரிக்குள் போவது சொற்பம். இன்ஜினும் சரியாகச் சூடாகாமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் தண்ணீர் கட்டும். போடுவதென்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல் தெருவில் ஓட்ட வேணும், இல்லையென்றால் தொடாமலே விடலாம்.

பக்கங்கள் உப்பியிருக்கிற, உறைந்த பற்றரிக்கு ஒருபோதும் சார்ச் போடாதேங்கோ, ஜம்ப் கேபிளும் மாட்டாதேங்கோ. உள்ளே பனிக்கட்டி தட்டுகளை வளைத்து ஷோர்ட் ஆக்கியிருக்கலாம், வெடிக்கும். வெப்பமான இடத்தில் ஒரு நாள் வைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

சட்பரிவேன்:

இருவருக்கும் நன்றி. ஷன்ட்டில் இரண்டு செட்டிங்கும் நீங்கள் சொன்னபடியே இருந்தன, மாற்றிவிட்டேன். லித்தியத்தைப் பற்றி மட்டும் ஒன்று. அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா, வண்டியிலேயே துண்டித்து விட்டால் போதாதா? சார்ஜைத் தடுக்கத்தான் பிஎம்எஸ் இருக்கிறதே. அடியில் ஒரு ஹீட்டிங் பேட் ஒட்டிவிட்டால் சோலாரையும் அப்படியே விடலாம் என்று ஒரு யோசனை.

கால்கரி_காற்று:

ஹீட்டிங் பேட் யோசனைக்குக் கணக்கு ஒத்துவராது. உங்கள் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 22 கிலோ இருக்கும். மைனஸ் 15இலிருந்து 5 டிகிரிக்குச் சூடாக்க 120 வாட்-மணி அளவு போதும், அதாவது 10 ஆம்பியர்-மணிக்குள். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சூடாக்குவது சுலபம், அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதற்குத்தான் செலவு. நல்ல ஃபோம் பெட்டிக்குள் வைத்தாலும் தொடர்ந்து 10 முதல் 20 வாட் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 20 முதல் 40 ஆம்பியர்-மணி. பனி மூடிய பேனலிலிருந்து எதுவும் வராது, ஒரு வாரம் பத்து நாளில் பேட்டரி தன்னைத்தானே சூடாக்கியே காலியாகிவிடும். பேட் என்பது குளிர்காலத்தில் வண்டியைப் பயன்படுத்துபவர்களுக்கு. நிறுத்தி வைப்பவர்களுக்கு அல்ல.

பிஎம்எஸ் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதைக் கடைசிக் காவலாக மட்டும் வையுங்கள். அதன் சென்சர் பேக்குக்குள் ஓர் இடத்தில்தான் ஒட்டியிருக்கும், எல்லா செல்லையும் தொட்டுக்கொண்டு இருக்காது. இங்கே கால்கரியில் சினூக் காற்று வீசினால் மைனஸ் 20இல் இருந்த ஊர் சில மணி நேரத்தில் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். வெளியில் பனி உருகி ஓடும். பேனல் மேல் இருந்த பனியும் சரிந்து வெயில் படும். பேட்டரியின் நடுச் செல் அப்போதும் மைனஸ் 10இல்தான் இருக்கும், சூடேற அரை நாளுக்கு மேல் எடுக்கும். சென்சர் வெளிப்பக்கத்து வெப்பத்தைப் பார்த்து 5 டிகிரி என்று சொன்னால் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். சட்பரியில் சினூக் இல்லை, ஆனால் மார்ச் மாத வெயில் உண்டு. பகலில் பூட்டிய வேனுக்குள் காற்று சூடாகும், கட்டிலுக்கு அடியில் தரையோடு இருக்கும் பேட்டரி இரவுக் குளிரிலேயே இருக்கும்.

கன்ட்ரோலரில் 'லோ டெம்பரேச்சர் கட்-ஆஃப்' இருக்கிறது, 5 டிகிரியில் வைக்கலாம். ஆனால் பேட்டரியின் வெப்பத்தைச் சொல்ல அதற்கு யாராவது வேண்டும். ஷன்ட்டுடன் வெப்ப சென்சர் ஒயரை இணைத்து இரண்டையும் ப்ளூடூத் நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும், அல்லது தனியாக ஸ்மார்ட் பேட்டரி சென்ஸ் வாங்கி ஒட்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்த செட்டிங்கை ஆன் செய்து வைத்தால் ஒரு பயனும் இல்லை. இதைச் செய்யாமலேயே 'கட்-ஆஃப் போட்டிருக்கிறேன்' என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

டிசி-டிசி சார்ஜரை மறந்துவிடாதீர்கள். நடுவில் யாராவது வண்டியை நகர்த்த இன்ஜினைப் போட்டாலே அது 30 ஆம்பியரை லித்தியத்துக்குத் தள்ளப் பார்க்கும். ஆப்பில் அணைக்கலாம், ஆனால் அதன் ஃபியூஸைக் கழற்றி வைப்பதுதான் நிச்சயம்.

கழற்றுவதா விடுவதா என்பதற்கு உங்கள் பேட்டரியின் தாளில் 'ஸ்டோரேஜ் டெம்பரேச்சர்' என்ற வரியைப் பாருங்கள். பல மாடல்களில் கீழ் எல்லை மைனஸ் 20. தெற்கு ஒன்டாரியோ மாதிரி குளிர் மிதமான இடமாக இருந்தால் துண்டித்து வண்டியிலேயே விடலாம் என்பேன், குளிரில் சும்மா கிடப்பதால் மூப்பு குறையும். மைனஸ் 30 போகும் இடத்தில் வேண்டாம். ஒன்று 11 கிலோதான், தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோல்ஃப்கார்ட்6வோல்ட்:

இந்தத் திரியைப் படிப்பவர்களில் பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும் நாலு வரி.

6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டைத் தொடராகப் போட்டிருந்தால் மேலே ஒட்டாவா நண்பர் சொன்னதெல்லாம் பொருந்தும், ஒன்றைத் தவிர. இவை ஏஜிஎம்மைவிட வேகமாகத் தானாக இறங்கும், அறை வெப்பத்தில் மாதம் 5 முதல் 15 சதவீதம். ஐந்து மாதம் தொடாமல் விட முடியாது. நிலவறையிலோ கராஜிலோ வைத்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும், காற்றோட்டம் இருக்கிற இடத்தில். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வரும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது திரவம் மேலே எழும்பும், முன்பே நிரப்பினால் வழிந்து டெர்மினலைத் தின்னும். தட்டு வெளியே தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும் தட்டு மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் ஊற்றலாம். குளிரான இடத்தில் ஊற்றிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். ஊற்றிய நீர் அமிலத்தோடு கலக்காமல் மேலேயே நின்று, அது மட்டும் பூஜ்யத்திலேயே உறையும். ஊற்றியபின் அரை மணி நேரமாவது சார்ஜில் வைத்தால் குமிழிகள் கலக்கிவிடும்.

அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எல்லா அறையும் 1.265 பக்கம் காட்ட வேண்டும். ஓர் அறை மட்டும் 0.030க்கு மேல் குறைவாக இருந்தால் ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றி அறைகளைச் சமப்படுத்துவது) செய்து பாருங்கள். அது தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும்தான், ஏஜிஎம்முக்கும் லித்தியத்துக்கும் அந்தப் பொத்தானையே தொடக்கூடாது.

மின்கணக்கு:

கால்கரி நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சட்பரிக்குக் கழற்றுவதுதான் சரி. கழற்றும் வரிசையை எழுதிவிடுகிறேன், இதில் வரிசை மாறினால்தான் பொருள் வீணாகும்.

முதலில் சோலார். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் கன்ட்ரோலரில் இருக்கும் நிலை ஒரு நொடிகூட வரக்கூடாது. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் பிரேக்கர் இருந்தால் அதை இறக்குங்கள். இல்லையென்றால் பேனலைக் கனத்த துணியால் மூடிவிட்டு இணைப்பைப் பிரியுங்கள். வெயிலில் மின்னோட்டம் ஓடும்போது பிடுங்கினால் பொறி பறந்து இணைப்பான் கருகிவிடும். அடுத்து இன்வெர்ட்டரையும் டிசி-டிசியையும் அணைத்து, டிசி-டிசியின் ஃபியூஸை எடுங்கள். பிறகு லித்தியத்தின் நெகட்டிவ், அதற்கப்புறம் பாசிட்டிவ், கடைசியாக இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் இணைப்புக் கேபிள்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். லித்தியத்தில் ஸ்பேனர் இரண்டு முனையையும் தொட்டால் பிஎம்எஸ் துண்டிப்பதற்குள்ளேயே உலோகம் உருகும். கழற்றும் முன் ஒவ்வொரு கேபிளிலும் பெயர் எழுதி ஒட்டி ஒரு படம் எடுத்துவையுங்கள். டெர்மினல்களுக்கு மூடி போடுங்கள், வீட்டில் 5 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும் காய்ந்த இடத்தில் வையுங்கள். ஜனவரி கடைசியில் ஒருமுறை வோல்டேஜ் பாருங்கள்: 13.0க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

பூஜ்யம் வோல்ட், அல்லது ஏதோ 2, 3 வோல்ட் என்று மீட்டர் காட்டினால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிஎம்எஸ் வெளிவழியை அடைத்துவிட்டது, அவ்வளவுதான். லித்தியம் நிலையில் எழுப்பும் வசதி உள்ள சார்ஜரை, பேட்டரி அறை வெப்பத்துக்கு வந்தபின் மாட்டினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

ஸ்டார்ட்டருக்கு: மின்சார சீட் என்றால் பேட்டரி மூடியைத் திறக்க வசதியாக முதலிலேயே நகர்த்திவையுங்கள், கழற்றியபின் சீட் நகராது. நெகட்டிவைக் கழற்றுவதற்கு முன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மத்தியப் பூட்டு வேலை செய்யாது, உலோகச் சாவியால்தான் பூட்ட வேண்டும், பக்கக் கதவையும் பின்கதவையும் அதற்கு முன்பே பூட்டிவிடுங்கள். கழற்றிய கேபிள் முனை குதித்துப் போய் டெர்மினலைத் தொடாமல் ஒரு துணியைச் சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள்.

வசந்தத்தில் திரும்ப மாட்டும்போது, இரண்டு லித்தியத்தையும் வீட்டிலேயே தனித்தனியாக ஃபுல் செய்யுங்கள். ஐந்து மாதத்தில் இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்காது, வோல்டேஜ் ஒன்றாகக் காட்டினாலும் உள்ளே 20 சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். அப்படியே சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னோட்டம் பாயும். பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். பெரிய இன்வெர்ட்டர் இருந்தால் கடைசி இணைப்பில் பெரிய பொறி வரும், அதன் கெபாசிட்டர்கள் ஒரே இழுப்பில் நிறைவதால். 25 முதல் 50 ஓம் ரெசிஸ்டரைச் சில நொடி நடுவில் பிடித்துவிட்டுப் பிறகு கேபிளை மாட்டினால் பொறி இருக்காது. நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். தளர்ந்த ஒரு நட்டு 100 ஆம்பியரில் டெர்மினலை உருக்கிவிடும். பேட்டரி கன்ட்ரோலரோடு சேர்ந்து அதன் விளக்கு எரிந்த பிறகுதான் பேனல்.

ஷன்ட் மின்சாரம் இழந்து திரும்பும்போது 'ரீசெட்டில் எஸ்ஓசி' (எஸ்ஓசி என்றால் சார்ஜ் சதவீதம்) என்ற செட்டிங் சொல்கிறபடி ஆரம்பிக்கும். பேட்டரி ஃபுல்லாக இருப்பதால் கையால் 100க்கு மாற்றிவிடுங்கள். வண்டியில் கடிகாரத்தையும், ஒரே அழுத்தில் ஏறி இறங்கும் கண்ணாடியையும் மறுபடி பழக்க வேண்டும். கண்ணாடியை முழுதாக ஏற்றிப் பொத்தானைச் சில நொடி பிடித்திருந்தால் போதும். கேஸ் டிடெக்டருக்கு மின்சாரம் வந்ததும் சூடாகச் சில நிமிடம் எடுக்கும், அதற்குள் கேஸ் வால்வைத் திறக்காதீர்கள். பிறகு டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், அதன் உடம்பில் அச்சிட்ட காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.